பழைய வீட்டுக்கு வெளிச்சம்

(ரொறன்ரோ, ஸ்காபரோவில் தை மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வீடு வாங்குவதைப் பற்றி எங்கள் ஆட்கள் நிறையப் பேசுவார்கள். விலை, வட்டி வீதம், பள்ளிக்கூடம், பஸ் பாதை, வாசல் பார்க்கும் திசை என்று ஒன்றையும் விடமாட்டார்கள். வாங்கிய வீட்டுக்குள் மார்கழியிலும் தையிலும் பகல் முழுக்க ஒரு மனிதர் எப்படி இருக்கிறார் என்பது மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை. பழைய வீடுகளுக்குள் போய், எங்கே காற்றுக் கசிகிறது, எங்கே ஈரம் தங்குகிறது, எந்த யன்னலை மாற்ற வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று பார்த்துச் சொல்வது என் தொழில். அந்தத் தொழிலில் கண்டதை வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

எங்கள் ஈழத்தமிழ்ச் சமூகம் இந்த நகரத்தில் குடியேறிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களில் பலர் முதலில் தங்கியது சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கிழக்கே நகர்ந்தார்கள். ஸ்காபரோவில் அவர்களில் பலருக்குக் கட்டுப்படியானவை, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1950களிலும் 60களிலும் எழும்பிய பங்களோ வீடுகள். தரைக்கு மேலே ஒரே தளம், வெளியே செங்கல், முன் அறையில் ஒரு பெரிய யன்னல், படுக்கையறைகளில் சிறிய யன்னல்கள். கீழே வீட்டின் முழு அகலத்துக்கும் பேஸ்மென்ட். அதற்கு நிலமட்டத்தில் ஒடுங்கிய யன்னல்கள். எரிபொருள் மலிவாக இருந்த காலத்து வீடுகள் அவை. குளிர்ந்தால் இன்னும் கொஞ்சம் எரித்துக்கொள்ளலாம் என்பது அன்றைய கணக்கு. சுவருக்குள் இன்சுலேசன் மெல்லியது; சில வீடுகளில் இல்லையென்றே சொல்லலாம். யன்னலுக்கு மரச்சட்டமும் ஒற்றைக் கண்ணாடியும், அதற்கு வெளியே குளிர்காலத்துக்கென்று இரண்டாவது யன்னல் ஒன்றும் இருந்தன. பின்னால் வந்த சொந்தக்காரர் பல இடங்களில் அவற்றைக் கழற்றிவிட்டு அலுமினியச் சட்டத்தில் இழுத்துத் திறக்கும் யன்னலைப் பூட்டினார். அலுமினியம் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதைக் குசினியில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த வீடுகளுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவற்றை வாங்கியவர்களில் பலருக்கும் அதே வயதுதான்.

இனிச் சூரியனைப் பற்றிக் கொஞ்சம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது, ரொறன்ரோ 43.7 பாகையில். டிசம்பர் 21ஆம் திகதி நடுப்பகலில் யாழ்ப்பாணத்துச் சூரியன் அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே அது 23 பாகையைத் தாண்டாது. அங்கே அன்றைய பகல் பதினொன்றரை மணித்தியாலம். இங்கே ஒன்பதுக்கும் சற்றுக் குறைவு. பின்னேரம் நாலேமுக்காலுக்கு முன்னரே பொழுது பட்டுவிடும்.

ஊரில் எங்கள் பெரியவர்கள் கட்டிய வீடு வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே கூப்பிட்டது. ஆழமான விறாந்தை, தாழ்ந்த தாழ்வாரம், நாற்சார் வீட்டின் நடு முற்றம், கம்பி போட்ட மர யன்னல் எல்லாம் அதற்காகத்தான். இந்த ஊர் வீட்டுக்குக் குளிர்காலத்தில் நேரெதிரான கடமை: வெயிலை உள்ளே விட்டுக் காற்றை வெளியே நிறுத்த வேண்டும். நாங்களோ கண்டம் மாறி வந்தும் யன்னல் விஷயத்தில் பழைய பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டோம். பகலிலும் திரை இழுத்து மூடியிருக்கிற வீடுகளை நான் தெருத்தெருவாகக் காண்கிறேன். தெருவில் போகிறவர் பார்ப்பார் என்ற கூச்சம் எனக்குப் புரிகிறது; கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிய திரை போட்டால் அது தீரும். ஆனால் தெற்குப் பக்க யன்னலில் தடித்த திரையைப் பகல் முழுக்க மூடி வைத்திருப்பது, சும்மா வருகிற சூட்டையும் வெளிச்சத்தையும் வாசலோடு திருப்பி அனுப்புவது. சூரியன் தாழ்ந்து நிற்பதால் குளிர்காலத்தில் அது அறையின் உள்ளே வெகுதூரம் வரும். கோடையில் வராத மூலைக்கெல்லாம் வரும். காலையில் திறவுங்கள், பொழுது பட்டதும் மூடுங்கள். காசு செலவில்லாத முதல் திருத்தம் இதுதான்.

அந்தப் பகலில் வீட்டில் இருப்பது யார்? உழைக்கிறவர்கள் விடியுமுன் போய் இருட்டியபின் வருகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் இருப்பது அம்மம்மா, அப்பப்பா, பிள்ளை பெற்று வீட்டோடு இருக்கிற மகள், இரவு வேலை முடித்துப் பகலில் நித்திரை கொள்கிற மருமகன், பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிற படிக்க வந்த பிள்ளை. திருத்த வேலைக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் டொலர் ஒதுக்குகிற வீடுகளில் அந்தக் காசு பெரும்பாலும் முன் அறைக்குப் போகிறது. விருந்தினர் வந்து இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போகும் அறை அது. பகல் முழுக்க ஆள் இருக்கிற அறை பழையபடியே கிடக்கிறது. நான் இன்று பேச வந்தது இந்த வரிசையை மாற்றச் சொல்லித்தான்.

வெளிச்சக் குறைவு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு மருத்துவம் பருவகால மனச்சோர்வு என்று பெயர் வைத்திருக்கிறது. பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் இந்த மனச்சோர்வை 1984இல் நோர்மன் றோசந்தால் என்ற உளமருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் எழுத்தில் விவரித்தார்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கும். நித்திரை கூடும், மாப்பண்டத்தில் ஆசை கூடும், எதிலும் மனம் போகாது. இளவேனிலில் தானாக விலகும். காலையில் அரை மணித்தியாலம் 10,000 லக்ஸ் வெளிச்சத்தின் முன் இருக்க வைப்பது இதற்கான பழகிய சிகிச்சைகளில் ஒன்று. கண்ணில் நோய் உள்ளவர்களும் மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் போகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது. எங்கள் வீடுகளில் இரவில் சாதாரணமாக எரியும் விளக்கு வெளிச்சம் 100, 200 லக்ஸ் அளவில்தான் இருக்கும். முகில் மூடிய நடுப்பகலில்கூட வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். யன்னலோரம் ஒரு கதிரை போட்டால் அதில் ஒரு பங்கு கிடைக்கும். அங்கிருந்து மூன்று நான்கு மீற்றர் உள்ளே வந்தால் கிடைப்பது அதில் பத்திலொரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். “அம்மா குளிர்காலத்தில் பேசுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டா” என்று சொல்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, அம்மாவின் கதிரை எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

கதிரை யன்னலோரத்தில் இருக்காது. ஏனென்றால் பழைய வீட்டில் வெளிச்சம் கூடிய இடமும் குளிர் கூடிய இடமும் ஒன்று. வெளியே மைனஸ் 10, உள்ளே 21 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் உறைநிலையை அண்டிவிடும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது 10 பாகையளவில் நிற்கும். நடுவில் ஆர்கன் வாயு நிரப்பி, கண்ணாடியில் லோ-ஈ என்கிற கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பூச்சுப் பூசிய இரட்டைக் கண்ணாடியில் 14, 15 பாகை. நல்ல மூன்றடுக்கு யன்னலில் 17 அளவில். குளிர்ந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறவரின் உடம்பு தன் சூட்டைக் கதிராக அந்தக் கண்ணாடிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடியைத் தொட்ட காற்றும் குளிர்ந்து பாரமாகி, கீழே இறங்கிக் காலடியில் ஓடும். யன்னலில் ஒரு துவாரமும் இல்லாமலே ‘காற்றடிக்கிறது’ என்று அம்மம்மா சொல்வது அதனால்தான். அவ சொல்வது சரி. வெப்பமானியைப் பார்த்து, “இருபத்தொன்று காட்டுகிறதே, என்ன குளிர்?” என்று கேட்கிறவர்தான் விஷயம் தெரியாதவர்.

ஆகவே நல்ல யன்னல் ஒன்றை எதற்காகப் போடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். எரிவாயுக் கட்டணத்தில் மிச்சம் பிடித்துப் போட்ட காசை எடுக்கலாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். இயற்கை எரிவாயுவில் சூடாகும் வீட்டில் யன்னலுக்குப் போட்ட காசு அந்த வழியில் திரும்பிவர மிக நீண்ட காலம் பிடிக்கும். வீட்டில் மிக வெளிச்சமான இடத்தை ஒரு மனிதர் குளிர்காலத்திலும் இருக்கக்கூடிய இடமாக்குவதுதான் அதன் உண்மையான பயன். அந்தப் பயனே போதும் என்பது என் தீர்மானம்.

ஆனால் யன்னல் முதல் வேலை இல்லை. குளிர்காலத்தில் சூடேறிய வீடு ஒரு புகைபோக்கியைப்போல வேலை செய்கிறது. சூடான காற்று மேலே ஏறி, கூரைக்குக் கீழுள்ள அற்றிக்கின் இடுக்குகளால் வெளியே போகும். போன காற்றுக்கு ஈடாகக் கீழே, பேஸ்மென்ட் சுவரும் மரச்சட்டமும் சந்திக்கும் விளிம்பால் குளிர்காற்று உள்ளே இழுபடும். மேலும் கீழும் திறந்திருக்க, நடுவில் இருக்கிற யன்னலை மட்டும் மாற்றினால் குளிர் குறைந்தது போதாது என்றுதான் தோன்றும். அற்றிக்குக்குப் போகும் மூடி, குழாய்கள் ஏறும் துவாரங்கள், பேஸ்மென்ட் விளிம்பு ஆகியவற்றை முதலில் அடைக்க வேண்டும். அது மலிவான வேலை. வெளியே தெரியாத வேலை. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

கசிவைக் கண்டுபிடிக்கக் குளிர்காலத்தைவிட நல்ல காலம் கிடையாது. காற்றடிக்கிற குளிர்நாளில் வீட்டைச் சூடாக்கும் பேர்னஸின் விசிறியையும் குசினி விசிறியையும் நிறுத்திவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் சட்டத்தைச் சுற்றி, மின்சொருகிப் பெட்டிகளருகே, சுவரின் அடிப்பலகையோரம் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேரே போகாமல் துடிக்கிற இடமெல்லாம் கசிவு. திரைக்கு நெருப்புப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்கள் வாசற்கதவில் துணிச் சட்டமும் விசிறியும் பூட்டி, வீட்டுக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைத்து இதையே அளந்து செய்கிறோம். இப்படியான வேலைகளுக்கு அரச உதவித் திட்டங்கள் வந்தும் போயும் கொண்டிருக்கும். 2021இல் தொடங்கிய மத்திய அரசின் பசுமை வீட்டு மானியம் 5,000 டொலர்வரை கொடுத்தது. 2024இன் தொடக்கத்தில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. அதில் வேலைக்கு முன்னும் பின்னும் இந்தக் காற்றுக்கசிவுப் பரிசோதனை கட்டாயமாக இருந்தது. முதலில் யன்னலைப் போட்டுவிட்டுப் பிறகு மானியம் கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இனி வரும் திட்டங்களிலும் ஒழுங்கைக் கேட்டறிந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

மரச்சட்டம் உளுத்துப்போகாமல், திறந்து மூடக்கூடிய நிலையில் உள்ள பழைய யன்னலாக இருந்தால் அதைக் கழற்றி எறிய அவசரப்படவேண்டாம். விளிம்புகளுக்குப் புது ரப்பர் பட்டை, கண்ணாடியைச் சுற்றிப் புது மக்கு, வெளியே நன்றாகப் பொருந்திய இரண்டாவது யன்னல் ஒன்று. இவ்வளவும் செய்தால் சாதாரண இரட்டைக் கண்ணாடிக்குக் கிட்டவே வந்துவிடும். அந்தக் காலத்து மரம் இறுக்கமானது. இன்று அந்த விலைக்கு அப்படி மரம் கிடைக்காது. ஒற்றை அலுமினியச் சட்டமோ, அழுகிய மரமோ, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பனிமூட்டம் பிடித்த யன்னலோ என்றால் மாற்றத்தான் வேண்டும்.

வாங்கப் போகிறவர் கடையில் இரண்டு எண்களைக் கேட்டால் போதும். யன்னல் வழியாக எவ்வளவு சூடு கடக்கிறது என்று சொல்வது யூ-மதிப்பு. குறைய இருப்பது நல்லது. வெளியே போகும் சூடு, உள்ளே வரும் வெயில், காற்றுக் கசிவு மூன்றையும் சேர்த்துக் கனடாவில் கணிக்கும் எண் ஈ.ஆர். எனப்படும், அது கூட இருப்பது நல்லது. 2020 முதல் இந்த நாட்டில் எனர்ஜி ஸ்ரார் முத்திரை பெற யூ-மதிப்பு 1.22க்கு மேற்படாமல், அல்லது ஈ.ஆர். 34க்குக் குறையாமல் இருக்க வேண்டும். வடக்குப் பக்க அறைக்கு வெயில் வராது; அங்கே யூ-மதிப்பை மட்டும் பாருங்கள், மூன்றடுக்குக்குக் காசு கொடுப்பதானால் அங்கே கொடுங்கள். தெற்கே வெயிலை நன்றாக உள்ளே விடும் கண்ணாடி வேண்டும். எல்லா யன்னலுக்கும் ஒரே கண்ணாடியைப் போடச் சொல்கிறவர் தன் வசதிக்குச் சொல்கிறார்.

பொருளைவிடப் பொருத்துவதில்தான் பிழை கூட. பழைய சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்குள் புது யன்னலைச் செருகுவது ஒரு முறை. விலை குறைவு, வேலை விரைவு. ஆனால் சட்டத்துக்குள் சட்டம் போவதால் கண்ணாடி சிறுத்து, வெளிச்சத்துக்காகத் தொடங்கிய வேலை வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பழைய சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெற்றிடமும், அதிலுள்ள அழுகலும் மறைந்தே கிடக்கும். சுவரின் மரம் தெரியும்வரை கழற்றி எடுத்து முழுச் சட்டத்தோடு பொருத்துவது இன்னொரு முறை. பழைய வீட்டுக்கு இரண்டாவதையே நான் சொல்வேன். ஒப்பந்தத்தில் எந்த முறை என்று எழுதியிருக்கிறதா, சுற்றியுள்ள இடைவெளியை எதனால் நிரப்புவார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தமென்றால், ஒன்ராறியோவில் அதை இரத்துச் செய்ய உங்களுக்குப் பத்து நாள் உரிமை இருக்கிறது. இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்று அவசரப்படுத்துகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குளிர்காலத்தில் யன்னல் மாற்றலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மாற்றலாம். பழகிய வேலையாட்கள் ஒரு யன்னலை முடித்துத்தான் அடுத்ததைக் கழற்றுவார்கள். அந்த அறைக் கதவை மூடி, இடுக்கில் துணி வைத்து, கதவுக்குப் பிளாஸ்ரிக் விரிப்பும் தொங்கவிடுவார்கள். சுவர் திறந்திருப்பது அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம். அதுவரைக்கும் பேர்னஸை நிறுத்திவையுங்கள், தெருவைச் சூடாக்க வேண்டாம். வேலையாட்களும் இந்த மாதங்களில் அவசரமில்லாமல் கிடைப்பார்கள். குறைகளும் உண்டு. வைனைல் சட்டம் கடுங்குளிரில் நொறுங்கும் பதமாகி, வெட்டும்போதும் ஆணியடிக்கும்போதும் வெடிக்கும். இடைவெளியில் அடிக்கும் நுரை சரியாக ஊத வேண்டுமானால் குளிருக்கென்று செய்த வகையாக இருக்க வேண்டும். புட்டியையும் வண்டியில் விறைக்க விடக்கூடாது. வெளி இடுக்கை அடைக்கப் பூசும் கோக்கிங் பனி படிந்த செங்கலில் ஒட்டாது. மைனஸ் 15இல் வந்து நிற்கிற குழுவைத் திருப்பி அனுப்புவதில் வெட்கமில்லை. மிதமான நாள் ஒன்று வரும். யன்னல்கள் அளவெடுத்துச் செய்துவரவும் கிழமைக்கணக்கில் ஆகும். கசிவை இப்போது பார்த்து, இப்போது அளவெடுத்து, பங்குனி சித்திரையில் பொருத்துவது பல வீடுகளுக்கு மிகப் பொருந்தும். எந்த நாளானாலும், வேலை நடக்கும் அன்று வயதானவர்களையும் கைக்குழந்தையையும் உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள். 1960க்கு முந்திய வீட்டின் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்; சட்டத்தை உடைக்கும்போது எழும் தூசு குழந்தைக்கு நஞ்சு.

புது யன்னல் போட்டு ஒரு மாதத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அதிகமானது ஈரத்தைப் பற்றியது. “அண்ணை, கண்ணாடியில் தண்ணி வடியுது, ஏமாத்திப்போட்டாங்கள்.” பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. முன்பு இடுக்குகளால் வெளியேறிய நீராவி இப்போது உள்ளே நிற்கிறது, அவ்வளவுதான். உள்ளே 21 பாகையும் ஈரப்பதன் நூற்றுக்கு 40 வீதமும் இருந்தால், 7 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். எங்கள் சமையல் ஆவி நிறைந்த சமையல். சோறு வடிக்கிறோம், இடியப்பமும் பிட்டும் அவிக்கிறோம், கறி நேரமெடுத்துக் கொதிக்கிறது. அடுப்புக்கு மேலுள்ள விசிறி அந்த ஆவியை வீட்டுக்கு வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி வழியாக மறுபடி உங்கள் முகத்திலேயே ஊதுகிறதா என்று இன்றிரவே பாருங்கள். பல பழைய வீடுகளில் இரண்டாவதுதான். கடுங்குளிர் நாட்களில் ஈரப்பதனை 30 வீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டை நன்றாக அடைத்துவிட்டால், வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் காற்றோட்டக் கருவி ஒன்று பூட்டுவது சரியான வழி. இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பழைய வகைப் பேர்னஸும் தண்ணீர்ச் சூடாக்கியும் புகையைத் தானாக மேலே அனுப்புபவை. இறுக்கி அடைத்த வீட்டில் பலமான விசிறி ஓடினால் அந்தப் புகை உள்ளே திரும்பலாம். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் இந்த வேலைகளில் எதையும் தொடங்காதீர்கள்.

இனி விளக்குகளுக்கு வருவோம். இப்போது திருத்துகிற எங்கள் வீடுகளில் கூரைத்தட்டு நிறையத் துளையிட்டுப் பதித்த பொட் லைற். பார்க்க அழகுதான். ஆனால் பங்களோவின் கூரைத்தட்டுக்கு மேலே இருப்பது அற்றிக். இருபது விளக்குக்கு இருபது துவாரம் வெட்டினால், நீராவித் தடுப்பில் இருபது ஓட்டை. சூடான ஈரக்காற்று அதனால் மேலே போய்க் கூரைப் பலகையில் உறையும். கூரையின் பனியை அடியிலிருந்து உருக்கும். உருகிய தண்ணீர் தாழ்வார விளிம்பில் வந்து மறுபடி உறைந்து அணைகட்டும். பின்னால் தேங்குகிற தண்ணீர் கூரை ஓட்டுக்கு அடியால் வீட்டுக்குள் வரும். மாசியில் சுவரில் தண்ணீர்க் கறை காண்கிற சில வீடுகளுக்குக் காரணம் மார்கழியில் பூட்டிய விளக்கு. துவாரம் வெட்டத்தான் வேண்டுமென்றால், இன்சுலேசன் தொட்டுக்கிடக்கலாம் என்ற ஐ.சி. தரக்குறியும் காற்றுப் புகாத் தன்மையும் உள்ளதைப் பூட்டி, ஓரத்தை அடைக்கச் சொல்லுங்கள். அற்றிக்கில் சாம்பல், பொன்னிறத்தில் கூழாங்கல் போன்ற தளர்ந்த பொருள் கிடந்தால் அது வெர்மிகுலைற். அதில் கல்நார் இருக்கலாம். கை வைக்காமல் முதலில் சோதிப்பியுங்கள்.

கூரையை வெட்டாமலே நல்ல வெளிச்சம் தருவதுதான் என் விருப்பம்; அதற்கு எல்.ஈ.டி. விளக்கு கைகொடுக்கிறது. 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சூஜி நகமுரா ஆகிய மூவருக்குக் கிடைத்தது, நீல நிற எல்.ஈ.டி.யை உருவாக்கியதற்காக. நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசித்தான் இன்று வெள்ளை வெளிச்சம் எடுக்கிறோம். அதே 2014இல் கனடா பழைய இழை மின்குமிழ்களை ஒழிக்கத் தொடங்கியது. பழைய 60 வாற் மின்குமிழ் தந்த 800 லூமன் வெளிச்சத்தை இப்போது 8 முதல் 10 வாற் எல்.ஈ.டி. தருகிறது. மிச்சப்பட்ட மின்சாரத்தை நல்ல இடத்தில் செலவழிக்கலாம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் போய்ச்சேருகிறது. உங்களுக்குப் போதும் என்று தோன்றும் விளக்கு அப்பாவுக்குப் போதாது. அவர் பேப்பர் வாசிக்கும் கதிரைக்கு மேலே, தோளுக்குப் பின்னாலிருந்து விழும் நிற்கும் விளக்கு ஒன்று வையுங்கள். நேராகக் கண்ணில் குத்தக் கூடாது. மருந்துப் பெட்டி இருக்கும் மேசைக்கு நிறத்தைச் சரியாகக் காட்டும் மின்குமிழ் போடுங்கள். இரத்த அழுத்தக் குளிசையும் நீரிழிவுக் குளிசையும் மங்கல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும். பகலில் இருக்கும் அறைக்கு 4000 கெல்வின் வெள்ளை நல்லது. இரவு படுக்கையறைக்கு 2700 கெல்வின் மஞ்சள் வேண்டும். நீலம் கூடிய வெளிச்சம் நித்திரையைத் தள்ளிப்போடும். கட்டிலிலிருந்து குளியலறைவரை நிலத்தோரம் சிறு விளக்குகள் எரியட்டும். பேஸ்மென்ட் படிக்கட்டுக்கு மேலேயும் கீழேயும் சுவிற்ச் வேண்டும். வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இப்படியான சின்ன இருட்டும் ஒரு காரணம்.

மின்வேலையைத் தெரிந்த தம்பி ஒருவரைக் கொண்டு முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1960களின் நடுப்பகுதி முதல் 70களின் கடைசிவரை கட்டிய வீடுகளில் அலுமினியக் கம்பி இருக்கலாம். அது இணைப்புகளில் தளர்ந்து சூடேறும். அதற்கென்று தரம் குறித்த சுவிற்சும் இணைப்பிகளும் தேவை. அதற்கும் முந்திய வீடுகளில் பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய கம்பிகளையே கண்டிருக்கிறேன். ஒன்ராறியோவில் காசு கொடுத்துச் செய்விக்கும் வீட்டு மின்வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். மாகாண மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தலும் போக வேண்டும். தீ விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரர் அந்த அறிவித்தலுக்கான காகிதத்தைக் கேட்கலாம்.

கடைசியாகப் பேஸ்மென்ட். எங்கள் வீடுகளில் பலவற்றில் கீழே ஆட்கள் குடியிருக்கிறார்கள். வீட்டுக் கடனில் ஒரு பங்கை அவர்கள்தான் கட்டுகிறார்கள். படிக்க வந்த பிள்ளைகளாகவோ புதிதாக வந்த குடும்பமாகவோ இருப்பார்கள். நாற்பது வருடத்துக்கு முன் நாங்கள் இருந்த நிலையில் இன்று அவர்கள். அவர்கள் படுக்கிற அறையின் யன்னல் வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, நெருப்புப் பிடித்தால் வெளியே வருவதற்கும் வழி. கட்டட விதிப்படி அப்படியான யன்னல் திறந்தால் தடையில்லாத திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது. அதன் எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். யன்னல் நிலமட்டத்துக்குக் கீழே இறங்கினால் அதற்கு முன்னால் 550 மில்லிமீற்றர் இடமும் தேவை. 1950களின் பேஸ்மென்ட் யன்னல்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குக் கிட்டவும் வராது. கொங்கிறீற்றை வெட்டிப் பெருப்பிக்க வேண்டும், மேலே பாரம் தாங்கப் புது விட்டம் வேண்டும், முன்னால் தோண்டிய குழிக்குத் தண்ணீர் வடிய வழி வேண்டும். யன்னலில் வேறெதற்கும் வராத செலவு இதற்கு வரும். அந்தக் குழியின் சுவருக்கு வெள்ளை பூசினால், இருட்டறை என்று எல்லாரும் கைவிட்ட அறைக்கும் பகல் வெளிச்சம் போகும்.

உங்களிடம் இந்த வருடம் ஒரேயொரு யன்னலுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், முன் அறையை விட்டுவிட்டு அந்தக் காசைக் கீழே படுக்கிறவரின் அறைக்குப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யன்னலின் அளவைக் கூட்டுவதற்கு நகரசபையின் பெர்மிற் கட்டாயம். நிலம் இப்போது உறைந்திருக்கிறது. சித்திரைக்கு முன் தோண்ட முடியாது. வரைபடம் கீற, விண்ணப்பம் போட, அனுமதி வர அந்த மாதங்கள் சரியாக இருக்கும். நாளைக்கே ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள்.